விரியக்கா கொப்பு வாங்கிய கதை

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. சின்னச் சிரிப்பு இல்லை, பொதிகை மலையே குலுங்கிப்போன சிரிப்பு. ஆனால் அது இப்போது வராது. கதையின் நாயகி விரியக்காவே அதை வயிற்றுக்குள் அடக்கிக்கொண்டுதான் நெடுநேரம் கிடந்தாள். சிரித்திருந்தால் செத்திருப்பாள். அவளே பொறுத்திருந்தாள் என்றால் நமக்கு என்ன அவசரம்? வாயை இறுக மூடிக்கொண்டு கேளுங்கள்.

அந்தக் காலத்தில், அதாவது பாம்பும் பறவையும் முகம் பார்த்துப் பேசிக்கொண்ட காலத்தில், விரியன் பாம்புக்கு மரத்தில் இடம் கிடையாது. தரைதான். இப்போது இருக்கிற பச்சையும் கிடையாது. அடுப்புச் சாம்பலைக் கரைத்துப் பூசியது மாதிரி ஒரு நிறம். தலை முக்கோணமாக இருக்காது, விரல் நுனி போல உருண்டையாக இருக்கும். முகத்தில் குழியும் இல்லை, வெறும் மழமழ முகம்.

விரியக்கா அப்போது சூலி. மற்ற பாம்புகளுக்கு என்ன, பொந்தில் முட்டையைப் போட்டுவிட்டுத் தன் வழியே போய்விடும். இவள் இனத்துக்கு அந்த வசதி இல்லை. குட்டிகளை வயிற்றிலேயே சுமந்து பெற்றெடுக்க வேண்டும். சுமந்துகொண்டு வேகமாக ஊரவும் முடியாது. போன வருஷச் சாரலில் அவள் ஓடைக்கரைச் சருகில் பெற்ற குட்டிகளில் பாதியைக் காட்டாறு அடித்துக்கொண்டு போனது. மீதியைக் கொண்டையன் அடித்துக்கொண்டு போனார்.

கொண்டையன் என்பது கொண்டைக்கழுகு. பாம்பென்றால் அவருக்குப் பந்திச் சாப்பாடு. தலையில் ஒரு கொண்டை, மஞ்சள் கண், மலையிலேயே பெரிய மனுஷன் என்கிற நினைப்பு. எல்லாரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட வேண்டும். அப்போதெல்லாம் அவர் கத்தவே மாட்டார். கத்துவது மரியாதைக் குறைவு என்று அடிவயிற்றிலிருந்து மெல்லமாகத்தான் பேசுவார்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. தென்காற்று அடித்து முதல் சாரல் இறங்குகிற நாளில் மரம் வேண்டும் என்கிறவர்கள் வந்து கொப்பு, அதாவது கிளை, கேட்கலாம். கொடுப்பவள் மலையணில் அத்தை. மரத்துக்கு மரம் கூடு கட்டிப்போட்டு எந்தக் கொப்பு உறுதி, எது உளுத்தது என்று அறிந்தவள் அவள்தான். யாராவது தடை சொன்னால், தடை சொன்னவரே ஒரு சோதனையும் வைக்க வேண்டும். அன்றைய சாரல் விடுவதற்குள் அது முடிந்துவிட வேண்டும். ஜெயித்தால் மரம். அதற்கு மேல் பேச்சே கிடையாது.

அந்த வருஷம் விரியக்கா ஓடைக்கரை நாவல் மரத்தடிக்கு ஊர்ந்து வந்து தலையைத் தூக்கினாள்.

"அத்தே, எனக்கு ஒரு கொப்பு வேணும்."

மலையணில் அத்தைக்கு எதையும் ஒரு தடவை சொல்லத் தெரியாது. "கொப்பா? கொப்பா? தரையில கெடக்கவளுக்குக் கொப்பு எதுக்குட்டீ? சரி சரி சரி, கேக்கது தப்பில்ல. எந்த மரம், எந்த மரம்?"

"இந்த நாவ மரந்தான். எம் பிள்ளைகளைத் தண்ணி தொடாத எடத்துல பெத்துப் போடணும். அம்புட்டுதான்."

மேலே இருந்து தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது. ஓடைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பாசி படர்ந்த கொப்பில் கொண்டையன் உட்கார்ந்திருந்தார். அது அவருடைய இடம். அவர் தவிர ஒரு ஈ கூட அதில் உட்காராது.

"தடை," என்றார் மெதுவாக. "சோறு தானா ஏறி உறியில போயி உக்காந்துக்கிட்டா, சாப்பிடுதவன் என்ன செய்வான்?"

அத்தை வாலைச் சிலிர்த்தாள். "தடை சொன்னா சோதனை சொல்லணும், சோதனை சொல்லணும்!"

"சொல்லுதேன். இந்த மரத்துல அவ எங்க வேணும்னாலும் இருந்துக்கிடட்டும். சாரல் விடுத வரைக்கும் நான் தேடுவேன். கண்ணுல பட்டா, நம்ம சாப்பாடு. படலேன்னா மரம் அவளுக்கு. ஆனா ஓடிப்போகக் கூடாது. சாரல் விட்டதும் நீ கூப்பிடணும், மரத்துலருந்து அவ பதில் சொல்லணும்."

கொப்பு கேட்க இன்னும் சிலரும் மரத்தடியில் வந்து நின்றிருந்தார்கள். கொண்டையன் கண்ணுக்கு மேகத்துக்குள் இருந்தே புல்லில் ஓணான் மூச்சுவிடுவது தெரியும். பிள்ளைத்தாய்ச்சி, அதுவும் மரமே ஏறிப் பழகாதவள். யாருக்கும் அவள் முகத்தைப் பார்க்க மனசு வரவில்லை.

"சரி அண்ணாச்சி," என்றாள் விரியக்கா.

கொண்டையன் பக்கத்து மலைமுகட்டுக்குப் போய்க் கண்ணை மூடிக்கொண்டார். முதல் துளி விழுந்தபிறகுதான் அவர் திரும்பி வர வேண்டும் என்று பேச்சு.

அப்போது விரியக்காவின் காதோரம், "ஏட்டீ விரியா, சரி சரி சரி, நீ செத்த, நீ செத்த," என்று மலையணில் அத்தையின் குரல் கேட்டது. திரும்பினால் அத்தை இல்லை, கரிச்சான் குருவி! வாலில் இரண்டு துடுப்பும் வாயில் காட்டிலுள்ள அத்தனை குரலும் வைத்திருக்கிற இளவட்டம். அன்று காலையில்தான் புலி மாதிரி உறுமி, குளித்துக்கொண்டிருந்த காட்டுப்பன்றிகளைச் சேற்றோடு ஓடவிட்டிருந்தான்.

"பயப்படாதக்கா. நான் இருக்கேன்," என்றான்.

"நீ இருக்கதுதாம்ல பயமா இருக்கு."

"கேளுக்கா. நீ ஒரு மூலையில கெட. நான் ஒன் குரல்ல மரம் பூரா சீறுதேன். அண்ணாச்சி மேலயும் கீழயும் அலையட்டும். சாரல் விட்டுரும்."

விரியக்கா யோசித்தாள். இலைக்குள் ஒளியலாம், ஆனால் இலையைத்தான் அவர் முதலில் கலைப்பார். பொந்துக்குள் போகலாம், பொந்தில்தான் அடுத்து அலகை விடுவார். அவர் தேடவே தேடாத இடம் ஒன்று வேண்டும். அவள் பார்வை மெல்ல உயர்ந்து, ஓடைக்கு மேல் நீண்டிருந்த பாசிக் கொப்பில் போய் நின்றது.

"அண்ணாச்சி கொப்பா?" கரிச்சான் வித்தையெல்லாம் மறந்து சொந்தக் குரலில் கேட்டான்.

"அவரு எந்திரிச்சிப் போயித்தானல தேடணும்? தன் இருக்கையை யாரு தேடுவா?"

பிள்ளை வயிற்றோடு அவள் மரமேறியதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஒரு முழம் ஏறுவாள், அரை முழம் வழுக்குவாள். கடைசியில் வாலால் மரத்தைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, பிடியை மாற்றி மாற்றி மேலே போய்ச் சேர்ந்தாள். கொப்பின் மேலேயே நீளவாக்கில் படுத்து, வாலை ஒரு கணுவில் சுற்றிக்கொண்டு, பாசிக்குள் உடம்பைப் புதைத்தாள். சாம்பல் உடம்பும் சாம்பல் பட்டையும் ஒன்றாகிப்போயின.

சாரல் இறங்கியது. கொண்டையன் வந்தார்.

"இஸ்ஸ்ஸ்!" என்று மர உச்சியில் ஒரு சீறல். சட்டென்று பாய்ந்தார். இலைதான் சிதறியது.

"இங்க யாரும் இல்ல அண்ணாச்சி," என்று அடிமரத்திலிருந்து விரியக்காவின் குரல். கீழே பாய்ந்தார். பட்டையைக் கிழித்தார். ஒரு மரவட்டை சுருண்டு விழுந்தது.

கரிச்சானுக்கு ருசி பிடித்துவிட்டது. விரியக்கா குரலோடு நிறுத்தியிருக்கலாம். அவன் நிறுத்துவானா? கொண்டையனின் வீட்டுக்காரி குரலில், "ஏங்க, சாப்பிடாம எங்க போயிட்டிய?" என்றான். அத்தை குரலில், "இடது பக்கம், இடது பக்கம்!" என்றான். கடைசியில் கொண்டையன் குரலிலேயே, "நம்ம கண்ணு நமக்கே தெரியலியே," என்றான். அண்ணாச்சி ஒரு நிமிஷம் தான்தான் பேசினோமோ என்று குழம்பிப்போய், சரி என்பது போலத் தலையை ஆட்டினார்.

நன்றாகத்தான் போனது. ஆனால் ஓட ஓடக் கொண்டையன் தொப்பலாக நனைந்துகொண்டே போனார். அங்கேதான் கரிச்சான் தப்புக்கணக்குப் போட்டுவிட்டான். விரியக்காவும்தான். ஈரம் ஏறின கழுகு பறக்காது. உட்காரும். எங்கே உட்காரும்? தன் இடத்தில் வந்து உட்காரும்.

பாசிக் கொப்பில் கொண்டையன் சொத்தென்று வந்து இறங்கினார். ஒரு கால் கட்டையில். இன்னொரு கால் விரியக்காவின் தலையில்.

கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில், அந்தப் பக்கம் ஒரு நகம், இந்தப் பக்கம் ஒரு நகம். கழுகின் கனம் முழுக்க அந்தச் சின்னத் தலைமேல். எலும்பு நெறிபடுவது அவளுக்கே கேட்டது. உருண்டைத் தலை பரந்து விரிந்து முக்கோணமாக நசுங்கியது. விரல்கள் இரண்டு கண்ணையும் மறைத்துவிட்டன.

அடுத்த கொப்பிலிருந்து கரிச்சான் எல்லாவற்றையும் பார்த்துவிட்டான்.

அவள் வாயில் பல் இருந்தது, பல்லில் விஷம் இருந்தது. ஒரே கடி. ஆனால் கடிக்க வேண்டுமென்றால் அசைய வேண்டும். அசைந்தால் கண்ணில் படுவாள். கண்ணில் பட்டுவிட்டால், அதன்பிறகு அவர் செத்தாலும் சரி, பிழைத்தாலும் சரி, மரம் இல்லை. வயிற்றுக்குள் குட்டிகள் நெளிந்தன. 'அசையாதீங்கடா,' என்று மனசுக்குள் அதட்டினாள். 'அம்மா அசையல பாருங்க.' பல்லை மேலண்ணத்தோடு மடித்து வைத்துக்கொண்டாள். கட்டையோடு கட்டையாகக் கிடந்தாள். நாக்கைக்கூட நீட்டவில்லை.

அவளைக் காப்பாற்ற வேண்டும் என்றால் அண்ணாச்சியைப் பேச்சில் பிடித்து வைக்க வேண்டும். கரிச்சான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ஒன்றும் தெரியாதவன் போலக் கேட்டான்.

"என்ன அண்ணாச்சி, அலுத்துட்டியளோ?"

"அலுப்பா? நமக்கா? இங்கருந்தே மொத்த மரமும் தெரியும்ல. அவ அசையட்டும், அப்ப பாரு."

"எங்க இருப்பான்னு நினைக்கிய?"

"தூரத்துலதான். நம்ம பக்கத்துல வர அவளுக்கு ஏதுல தைரியம்?"

கரிச்சானுக்குப் பயம் போய் வேறு ஒன்று தொண்டை வரை வந்தது. விழுங்கினான். "கொப்பு எப்படி அண்ணாச்சி? வழுக்குதோ?"

கொண்டையன் காலை அழுத்திப் பார்த்துக்கொண்டார். "இன்னிக்கு என்னமோ ரொம்ப நல்லாருக்கு. பிடி நல்லா நிக்கி. மெத்துன்னு வேற இருக்கு. சாரல்ல மரம் ஊறினா இப்படித்தான்."

விரியக்காவுக்கு வலியில் உயிரே போனது. அந்த வலிக்கு நடுவிலும் அடிவயிற்றில் ஒரு சிரிப்பு கிளம்பியது. விட்டால் அவ்வளவுதான். அடக்கினாள்.

"அவ ஆம்பிட்டா என்ன செய்விய?"

"என்ன செய்வேனா? முதல்ல தலையை இப்படிப் பிடிப்பேன்." காலை இறுக்கினார். "அப்புறம் அலகை இப்படித் தீட்டிக்கிடுவேன்." குனிந்து, விரியக்காவின் முதுகிலேயே அலகை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சர்ர் சர்ரென்று தேய்த்தார். பாசிச் சாறு அவள் உடம்பெல்லாம் வழிந்தது. "அப்புறம் வாயில போட்டுக்கிட வேண்டியதுதான்."

கரிச்சான் மார்புச் சிறகுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு குலுங்கினான்.

"என்னல, அழுதியா?"

"ஆமா அண்ணாச்சி. பாவம் அக்கா."

மஞ்சு இறங்கி மரத்தையே விழுங்கியது. கொண்டையனுக்கே ஒன்றும் தெரியாத வெள்ளை. கண் மூடப்பட்ட விரியக்காவுக்கோ ஆரம்பத்திலிருந்தே இருட்டு. அந்த இருட்டில்தான் அது நடந்தது. நகம் குத்தின இரண்டு புண்ணிலும் சூடு தட்டியது. முதலில் தன் ரத்தம் என்று நினைத்தாள். இல்லை, கழுகின் காலுக்குள் ஓடுகிற ரத்தம். கொஞ்சம் கொஞ்சமாக அது காலிலிருந்து வயிற்றுக்கு, வயிற்றிலிருந்து சிறகுக்கு என்று படர்ந்து, இருட்டுக்குள் கொண்டையன் கணப்பு நெருப்பு மாதிரி முழு உருவமாக எரிந்துகொண்டிருந்தார். அவர் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்றுகூட அவளுக்குத் தெரிந்தது. பக்கத்தில் சின்னதாக, படபடவென்று இன்னொரு சூடு. கரிச்சான். கொப்பின் அடியில் ஒரு சுண்டெலி ஓடியது. நெருப்புப் பொறி ஓடுவது போல இருந்தது. கண்ணே இல்லாமல் அவள் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலடியில் கிடப்பவள் எல்லாவற்றையும் பார்க்கிறாள், மேலே நிற்பவருக்கு ஒன்றும் தெரியவில்லை. இதை நினைத்ததும் அந்தச் சிரிப்பு மறுபடியும் புரண்டது. வாயோரம் லேசாக மேலே வளைந்துவிட்டது. அதை அவளால் தடுக்க முடியவில்லை. நல்லவேளை, அது கழுகின் விரலுக்கு அடியில் இருந்தது.

சாரல் விட்டது.

மேகம் கிழிந்து வெயில் விழுந்தது. இலை நுனியெல்லாம் மின்னியது. பார்க்க வந்த காடே மரத்தடியில் கூடி நின்றது. மலையணில் அத்தை உச்சிக் கொப்பிலிருந்து இறங்கி வந்தாள்.

"முடிஞ்சது முடிஞ்சது! ஆம்பிட்டாளா அண்ணாச்சி?"

"ஓடிப்போயிட்டா," என்றார் கொண்டையன். "மரத்துல அவ இல்ல. எழுதி வச்சுக்கிடலாம். கூப்பிட்டுப் பாரு."

"விரியா! ஏட்டீ விரியா! இருக்கியா, இருக்கியா?"

"இருக்கேன் அத்தே," என்று குரல் வந்தது.

கூட்டம் அண்ணாந்து பார்த்தது. கொண்டையன் மட்டும் அசையவில்லை. ஏளனமாக ஒரு மூச்சு விட்டார். "ஏல கரிச்சான். காலையிலருந்து நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். இந்த வித்தையை வேற எவங்கிட்டயாவது காட்டு."

"நான் இல்ல அண்ணாச்சி."

"நீ இல்லாம?"

"இங்கதான் இருக்கேன் அண்ணாச்சி," என்றது விரியக்காவின் குரல். "காலைக் கொஞ்சம் எடுங்க. தலை வலிக்கு."

"பாத்தியா, மறுபடியும்!" கொண்டையன் கரிச்சான் பக்கம் திரும்பினார். கரிச்சான் ஒன்றும் பேசவில்லை. பேச முடியாது. அவன் அலகு நிறைய ஒரு பெரிய வண்டு இருந்தது. அதைக் கவ்வியபடியே, இரண்டு கண்ணையும் அகல விரித்து அண்ணாச்சியைப் பார்த்தான்.

"யாரோ காலை எடுக்கச் சொல்லுதாக," என்றாள் அத்தை. "எடுங்களேன், எடுங்களேன்."

பெரிய மனுஷன் அல்லவா? மரியாதையாகக் கேட்டால் மரியாதையாகச் செய்வது அவர் பழக்கம். யோசிக்காமலே ஒரு காலைத் தூக்கினார். தூக்கிய காலோடு நின்றுகொண்டு, மரம் முழுக்கக் கண்ணை ஓட்டி, அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தார்.

அவர் காலுக்கு அடியிலிருந்து கொப்பு நழுவி ஊர்ந்தது.

பாசிச் சாறு ஊறி ஊறிச் சாம்பல் உடம்பு இளம்பச்சையாகியிருந்தது. தலை முக்கோணம். கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு குழி. வாயோரத்தில் மேல் வளைந்த அந்தக் கோடு. வாலால் கணுவைச் சுற்றிப் பிடித்து விரியக்கா நாவலின் கவட்டையில் ஏறி, வெயில் படும்படி சுருண்டு உட்கார்ந்தாள். அந்தக் குழிகள் ஆறவே இல்லை. அந்தச் சாரல் காலம் முடிவதற்குள் அதே கவட்டையில் அவள் பெற்றுப்போட்ட குட்டிகள் எல்லாமே பச்சை உடம்போடும், முக்கோணத் தலையோடும், முகத்தில் குழியோடும் பிறந்தன. ஒன்றைக்கூடத் தண்ணீர் தொடவில்லை. இன்றைக்கும் சாரல் காலத்தில் ஓடையோரக் கொப்பில் குழிவிரியன் கட்டையோடு கட்டையாக அசையாமல் கிடக்கும். இருட்டிலும் மஞ்சிலும் எலியின் சூட்டை முகக் குழியால் பார்க்கும். கிட்டே போய் உற்றுப் பார்த்தால் எதையோ அடக்கிக்கொண்டிருப்பது போல வாயோரத்தில் ஒரு சிரிப்பு தெரியும். கிட்டே போகாதீர்கள், விஷம் அப்படியேதான் இருக்கிறது.

அத்தை வாலைத் தூக்கிச் சொன்னாள், ஒரே ஒரு தடவை. "மரம் விரியாளுக்கு."

அப்போதுதான் விரியக்கா சிரித்தாள். கரிச்சான் வண்டைத் துப்பிவிட்டுச் சிரித்தான். சேற்றோடு நின்ற பன்றிகள் சிரித்தன, தவளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடையில் விழுந்தன, நாவல் மரம் குலுங்கி மிச்ச மழையெல்லாம் கொட்டியது. ம், இப்போது நீங்களும் சிரிக்கலாம்.

"எதுக்குச் சிரிக்கிய?" என்றார் கொண்டையன், இன்னும் ஒற்றைக் காலில் நின்றபடி. "அவ எங்க இருந்தான்னு யாராவது சொல்லுங்களேன்."

எல்லாருடைய கண்ணும் அவர் காலுக்கு அடியில் இருந்தது. அவரும் மெதுவாகக் குனிந்தார். கொப்பு முழுக்க மழையில் நனைந்து கறுத்திருந்தது. நடுவில் மட்டும், அவர் கால் வைத்திருந்த இடத்திலிருந்து கணு வரைக்கும், வளைந்து நெளிந்து ஒரு காய்ந்த தடம். தலையும் வாலும் அச்சடித்தது மாதிரி ஒரு பாம்பின் தடம்.

கொண்டையன் அந்தத் தடத்தைப் பார்த்தார். தூக்கிய காலைத் திருப்பி நகத்தைப் பார்த்தார். மறுபடி தடத்தைப் பார்த்தார். அதுவரை ஒரு நாளும் கத்தாத அண்ணாச்சி கொண்டை சிலிர்க்க வானத்துக்கு எழும்பி, "கீ… கீ… கீயூ!" என்று மலை அதிரக் கத்தினார். சாரல் விட்டு வெயில் அடித்ததும் பொதிகைக்கு மேலே வட்டமடித்துக் கொண்டைக்கழுகு கத்துகிறதே, அந்தக் கத்தல் அன்று தொடங்கியதுதான்.